மெல்லிய சப்பாத்தும் பனிக்கால ஓட்டமும்: பாதத்தின் சூட்டைக் காப்பது எப்படி?

கார்த்திகையில் முதல் வெண்பனி விழுந்ததும், எமது பாதப் பராமரிப்புப் பிரிவுக்கு வருவோரில் சிலர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். “கோடை முழுவதும் மெல்லிய அடியுள்ள சப்பாத்தை அணிந்து ஓடினேன். எடை குறைந்தது, சீனியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இப்போது ஓடத் தொடங்கினாலே கால்விரல்கள் விறைக்கின்றன. ஓட்டத்தை நிறுத்திவிடுவதா?”

இக்கேள்விக்கு அவசரமாக விடை கூற நாங்கள் விரும்புவதில்லை. ரொறன்ரோவில் குளிர் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் நீடிக்கும். அத்தனை காலம் உடற்பயிற்சியைக் கைவிடுபவர், கோடையில் பாடுபட்டுப் பெற்ற நலத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவார். மறுபுறம், விறைத்த விரலைப் பொருட்படுத்தாமல் ஓடுபவர் அவ்விரலையே இழக்க நேரிடலாம். இவ்விரண்டு இழப்புகளையும் தவிர்க்கும் வழியை, நோயாளர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் விளங்கும் வகையில் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பாதத்துக்குச் சூட்டைத் தருவது சப்பாத்து அன்று. உடலிலிருந்து இறங்கிவரும் குருதியே. அந்தச் சூடு வீணாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே சப்பாத்தின் வேலை. இதனை மனத்திற் கொண்டால் பின்வரும் அறிவுரைகள் யாவும் எளிதில் விளங்கும்.

மெல்லிய சப்பாத்து என்பது யாது?

வழக்கமான ஓட்டச் சப்பாத்தில் குதியின் கீழ் தடித்த மெத்தை இருக்கும். ‘மினிமலிஸ்ட்’ எனப்படும் மெல்லிய சப்பாத்தில் அம்மெத்தை இராது, அல்லது மிகக் குறைவாகவே இருக்கும். குதியும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் அமையும். விரல்கள் விரிந்து பதிய முன்பகுதி அகன்றிருக்கும். அடிப்பகுதி எளிதில் வளையும். மேற்பகுதி பெரும்பாலும் வலைத்துணியால் ஆனது. வட மெக்சிக்கோவின் மலைப்பகுதியில் வாழும் ரராமுரி மக்கள் மெல்லிய செருப்புடன் நெடுந்தூரம் ஓடுவதைப் பற்றி 2009ஆம் ஆண்டில் வெளியான ஒரு நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. அதன் பின்னர் இவ்வகைச் சப்பாத்துகள் வட அமெரிக்காவெங்கும் பெயர் பெற்றன.

எம்மவரில் பலருக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஊரில் வெறுங்காலுடனோ செருப்புடனோ வளர்ந்தவர்களின் பாதங்கள் முன்புறம் அகன்றிருப்பது வழமை. குறுகிய முனையுள்ள சப்பாத்து அவர்களை நெருக்கும். அகன்ற மெல்லிய சப்பாத்து இதமாக இருக்கும். ஆயினும் ஊரின் மணல் தரையில் வெறுங்கால் அறிந்திராத ஒன்று, இந்நாட்டின் தை மாதத் தரையில் உண்டு. இங்கே தரையே சூட்டை உறிஞ்சுகிறது.

குளிரில் உடல் செய்யும் கணக்கு

எமது உடல் மூளை, இதயம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க எப்போதும் முயல்கிறது. புறத்தே குளிர் கூடும்போது, கைகளுக்கும் பாதங்களுக்கும் செல்லும் சிறு குருதிக் குழாய்களை அது சுருக்கிவிடுகிறது. நடுவுடலின் சூட்டைக் காப்பதற்காக நுனிகளுக்கான பங்கு குறைக்கப்படுகிறது. வறுமைக் காலத்தில் வீட்டுத் தலைவி அரிசியை அளந்து போடுவதைப் போன்றது இது. பாதத்தில் தசை குறைவு. அதனால் அது தானாக உண்டாக்கும் சூடும் சொற்பமே. குருதி குறைந்தால் விரல்கள் விரைவிற் குளிர்ந்துவிடும்.

ஓடத் தொடங்கிய முதற் பத்து நிமிடங்களில் கால் குளிர்வது இதனாலேயே. தசைகள் உழைத்து நடுவுடல் சூடேறியதும் குருதிக் குழாய்கள் மீண்டும் விரியும். விரல்களுக்கும் சூடு திரும்பும். நலமுள்ள ஒருவரின் பாதம் இவ்வாறே நடந்துகொள்ளும். இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைக்கிறது. பாதத்தைச் சூடாக வைக்க விரும்புபவர், முதலில் மார்பையும் வயிற்றையும் தலையையும் தொடைகளையும் சூடாக வைத்திருக்க வேண்டும். தொப்பியின்றி, மெல்லிய மேலாடையுடன் ஓடிக்கொண்டு, காலுறையை மட்டும் தடிப்பாக்குவதால் பயனில்லை.

கணுக்காலையும் மறக்கலாகாது. பாதத்துக்குச் செல்லும் குருதி அனைத்தும் கணுக்காலைக் கடந்தே செல்கிறது. அங்கே தோல் மெலிது. காக்கும் கொழுப்பும் குறைவு. காற்சட்டைக்கும் குட்டைக் காலுறைக்கும் இடையே இரண்டு விரற்கடை தோல் திறந்திருந்தால், குருதி வழியிலேயே குளிர்ந்துவிடும். கெண்டைக்கால் வரை ஏறும் காலுறையே பனிக்காலத்துக்கு உரியது.

சூட்டைக் கவரும் நான்கு

பாதத்தின் சூடு நான்கு வழிகளில் வெளியேறுகிறது அல்லது தடைப்படுகிறது.

முதலாவது தரை. மெல்லிய அடியினூடாகப் பாதத்தின் சூடு நேரே உறைந்த நிலத்துக்குப் பாய்கிறது. இதற்குப் பரிகாரம், சப்பாத்தினுள் கம்பளியை அழுத்திச் செய்த மெல்லிய உள்ளட்டை ஒன்றை வைப்பது. கம்பளி இழைகளுக்கிடையே சிறைப்படும் அசையாத காற்றே சூட்டைக் காக்கிறது. அட்டை மெல்லியதாக இருப்பதால், தரையை உணர்ந்து ஓடும் தன்மையும் பெரிதும் குறையாது.

இரண்டாவது காற்று. கோடைக்கென நெய்யப்பட்ட வலைத்துணி, சூடான காற்றை ஒவ்வோர் எட்டிலும் வெளியே தள்ளிவிடுகிறது. காற்றுப் புகாத மேற்பகுதியுள்ள சப்பாத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது இல்லையெனில், மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் விரல்மூடியை முன்பாதத்துக்கு மாட்டிக்கொள்ளலாம். இரண்டு காலுறைகளுக்கு நடுவே முன்பாதத்தை மட்டும் மூடுமாறு ஒரு பிளாஸ்ரிக் பையை அணிவோரும் உண்டு. குறுகிய ஓட்டத்துக்கு அது உதவும். வியர்வையை அது வெளிவிடாதாகையால் நெடுநேரத்துக்கு உகந்ததன்று.

மூன்றாவது ஈரம். நான்கினுள்ளும் கொடியது இதுவே. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனைப் பனிக்காலத்தில் தவிர்க்க வேண்டும். மெரினோ கம்பளிக் காலுறை ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கிக்கொண்ட பின்னும் ஓரளவு சூட்டைத் தரும்.

எமது நகரத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் இங்கே கூற வேண்டும். நடைபாதைகளில் பனியை உருக்க உப்புத் தூவப்படுகிறது. உப்புக் கலந்த நீர் பூச்சியப் பாகையில் உறைவதில்லை. ஆகவே, சந்திகளில் தேங்கி நிற்கும் சாம்பல் நிறப் பனிச்சேறு, நீராக இருந்தபடியே பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கக்கூடும். அதில் ஒரு முறை கால் வைத்தால், உறைநிலைக்குக் கீழான நீர் வலைத்துணியினூடாக நேரே விரல்களை அடைகிறது. புதிதாக விழுந்த உலர்ந்த பனியில் ஓடுவதைவிட இது ஆபத்தானது. சேற்றில் கால் நனைந்தால் அந்நாளைய ஓட்டம் அத்தோடு முடிந்தது எனக் கொண்டு, வீடு திரும்புங்கள்.

நான்காவது இறுக்கம். கால் குளிர்கிறதென்று அதே சப்பாத்தினுள் இரண்டு தடித்த காலுறைகளைத் திணிப்பது, நாங்கள் அடிக்கடி காணும் தவறு. இறுக்கம் குருதி ஓட்டத்தைத் தடுக்கும். சிறைப்படும் காற்றுக்கும் இடமிராது. விளைவாக, காலுறை கூடக் கூடக் கால் மேலும் குளிரும். பனிக்காலத்துக்கென அரை அளவு பெரிய சப்பாத்தை வைத்திருப்பது நன்று. காலுறையும் உள்ளட்டையும் அணிந்த நிலையில் கடையில் அளந்து பாருங்கள். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும். நாடாவையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

புறப்படுமுன்

சப்பாத்தை வாகனத்திலோ கராஜிலோ வைக்காதீர்கள். குளிர்ந்த சப்பாத்தைச் சூடாக்கவே பாதத்தின் முதற் சூடு செலவாகிவிடும். வீட்டினுள் பத்து நிமிடங்கள் படியேறி இறங்கியோ, நின்ற இடத்தில் நடந்தோ உடலைச் சூடேற்றிக்கொண்டு புறப்படுங்கள். வியர்க்கும் முன்பே வெளியேறிவிட வேண்டும்.

வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு காற்றுக்குளிர் அளவையும் பாருங்கள். அந்த அளவு மறை 28 அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது, திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும் எனக் கனடிய அரசின் அறிவுரை கூறுகிறது. அத்தகைய நாட்களில் கடைத்தொகுதியின் உள்ளேயோ சமூக நிலையத்தின் ஓடுபாதையிலோ பயிற்சி செய்யுங்கள். மெல்லிய சப்பாத்து அணிபவர்கள் இந்த எல்லை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விரல்கள் சூடேறாத நாள் எதுவோ, அதுவே அவரவர் எல்லை.

வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தால் அச்சமில்லை என்று எண்ணிவிடலாகாது. தோல் உறையாதுதான். ஆனால் ஈரத்தில் நெடுநேரம் குளிர்ந்த பாதத்தின் நரம்புகளும் குருதிக் குழாய்களும் உறையாமலேயே பழுதடையும். முதலாம் உலகப் போரின் அகழிகளில் நின்ற படைவீரர் பலரைத் தாக்கிய ‘அகழிப் பாதம்’ என்னும் நோய் இதுவே.

ஓடும்போது

வீட்டைச் சுற்றியே சிறு வட்டங்களாக ஓடுங்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையோரமாக ஐந்து கிலோமீற்றர் சென்றபின் கால் விறைத்தால், திரும்பிவரவும் ஐந்து கிலோமீற்றர் உண்டு. முதலில் காற்றை எதிர்த்து ஓடி, திரும்பும்போது காற்று முதுகில் படுமாறு வழியைத் தெரிவு செய்யுங்கள். வியர்த்த உடலின் மீது எதிர்க்காற்று வீசுவதை இது தவிர்க்கும். சந்தியில் நிற்க நேர்ந்தால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள்.

பதினைந்து நிமிடங்கள் கழிந்தும் விரல்கள் சூடேறவில்லையெனில் திரும்பிவிடுங்கள். வலித்துக்கொண்டிருந்த விரலில் வலி திடீரென மறைந்தால், சூடு திரும்பிவிட்டது என்று மகிழ வேண்டாம். குறுகுறுப்பும் வெதுவெதுப்பும் தோன்றினால் மட்டுமே அது சூடு. ஒன்றுமே தெரியாவிட்டால் உணர்வு அற்றுப்போகிறது என்பதே பொருள். உடனே ஒரு கட்டடத்தினுள் செல்லுங்கள்.

மெல்லிய சப்பாத்துக்குப் புதியவர்கள் அதனைப் பனிக்காலத்தில் தொடங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. மெத்தை இல்லாத சப்பாத்து, கெண்டைத்தசைக்கும் குதிநாணுக்கும் முன்பாத எலும்புகளுக்கும் கூடுதற் சுமையைத் தருகிறது. அவை பழகப் பல மாதங்கள் வேண்டும். விறைத்த பாதம் அச்சுமையை உணர்ந்து எச்சரிக்காது. தட்டையான மெல்லிய அடி பனிக்கட்டியில் வழுக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

எவருக்கு இது பொருந்தாது?

மேற்கூறிய யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. குளிர்வதைப் பாதம் உணர வேண்டும். உணர்ந்ததை உரியவருக்குச் சொல்லவும் வேண்டும். நீண்டகால நீரிழிவு பாதத்தின் நரம்புகளைச் சிறிது சிறிதாக மந்தமாக்கும். அத்தகைய பாதம் குளிர்ந்தாலும் முறையிடாது. கல் குத்தினாலும், கொப்புளம் உடைந்தாலும் முறையிடாது. “எனக்குக் கால் குளிர்வதே இல்லை” என்று ஒருவர் பெருமையாகக் கூறும்போது எமக்குக் கவலையே உண்டாகிறது.

நரம்புப் பாதிப்பு உள்ளவர்களும், கால்களில் குருதி ஓட்டம் குறைந்தவர்களும், முன்பு உறைபனிக் காயம் பட்டவர்களும், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்களும் மெல்லிய சப்பாத்துடன் பனியில் ஓடக்கூடாது. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ‘றேனோ’ நிலை உள்ளவர்களும், பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவர்களும், புகைபிடிப்பவர்களும் எளிதில் விறைப்புக்கு ஆளாவர். அவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்ட பின்னரே ஓட வேண்டும். மருந்தை எவரும் தாமாக நிறுத்தலாகாது.

பாதத்தின் உணர்வை வீட்டிலேயே சோதித்தறிய எளிய முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்த இத்தொடுசோதனையைக் குடும்பத்தில் எவரும் செய்யலாம். சோதிக்கப்படுபவர் காலுறையைக் கழற்றிப் படுத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். தொடுகையை உணர்ந்ததும் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று அவர் கூற வேண்டும். சோதிப்பவர் சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடிகள் மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தலாகாது, தட்டலாகாது, வருடலாகாது. ஒரு விரலை ஒரு முறை மட்டுமே தொட வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடின், உணர்வு குறைந்திருக்கிறது எனக் கொண்டு வைத்தியரையோ பாதச் சிகிச்சையாளரையோ காணுங்கள். ஆறும் உணரப்பட்டாலும், நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் முறையான பாதப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

சோதனையில் தவறியவர் உடற்பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. பாதுகாப்பான சப்பாத்துடன் உட்புற நடை, நிலையான மிதிவண்டி, கதிரைப் பயிற்சி எனப் பல வழிகள் உண்டு. எமது உடலியக்கச் சிகிச்சையாளர்கள் அவற்றைக் கற்றுத்தருவார்கள்.

வீடு திரும்பிய பின்

ஈரக் காலுறையை உடனே கழற்றி, விரல் இடுக்குகளையும் ஒற்றி உலர்த்துங்கள். பின்னர் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். எமது நிறத்தோலில் வெண்மையோ சிவப்போ நூல்களிற் காட்டுவது போலத் தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போலவோ மஞ்சள் கலந்தோ தோன்றலாம். ஆகவே ஒரு பாதத்தை மற்றதோடு ஒப்பிடுங்கள், தொட்டுப் பாருங்கள்.

விரல் குளிர்ந்து விறைத்திருந்தும் தோல் மென்மையாக இருந்தால், உலர்ந்த கம்பளிக் காலுறையும் போர்வையும் போதும். 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரிலும் வைக்கலாம். அந்நீரின் சூட்டை விறைத்த காலால் சோதிக்காதீர்கள். பராமரிப்பவர் தம் முழங்கையால் சோதிக்கட்டும். சூடு திரும்பும்போது சற்று எரிவும் குத்தலும் இருப்பது இயல்பு.

செய்யக்கூடாதவை சில உண்டு. விறைத்த பாதத்தைத் தேய்க்கவோ, பனியால் உரசவோ, எண்ணெய் பூசி உருவவோ வேண்டாம். வெப்பமூட்டியின் அருகிலோ சுடுநீர்ப் போத்தலின் மீதோ பாதத்தை வைக்க வேண்டாம். உணர்வற்ற தோல் வெந்தாலும் தெரியாது. பனிக்காலத்தில் எம்மிடம் வரும் தீக்காயங்களுள், குளிரைப் போக்க முயன்றதால் ஏற்பட்டவையும் உண்டு. சில மணி நேரம் கழித்து விரல்களில் அரிப்புள்ள சிறு வீக்கங்கள் தோன்றினால், அவையும் குளிரால் வந்தவையே. சொறியாமல், வைத்தியரிடம் காட்டுங்கள்.

தோல் கடினமாகி மெழுகு போலத் தோன்றினாலோ, கொப்புளம் எழுந்தாலோ, அரை மணி நேரம் சூடேற்றியும் உணர்வு திரும்பாவிட்டாலோ, அதனை உறைபனிக் காயமாகக் கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அக்காலால் நடக்காதீர்கள், புகைபிடிக்காதீர்கள். உறைந்து தேறிய பாதம் மீண்டும் உறைந்தால் சேதம் பன்மடங்காகும். விரலைக் காக்கவல்ல சில சிகிச்சைகள் முதல் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே பயன் தரும். “காலையில் பார்க்கலாம்” என்று காத்திருக்காதீர்கள். ஐயம் இருப்பின், ஒன்ராறியோவில் 811 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் தாதி ஒருவரிடம் ஆலோசனை பெறலாம். அவசர நிலையில் 911ஐ அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு

தாயோ தந்தையோ ஓடிவிட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்ற உதவுங்கள். “கால் எப்படி இருக்கிறது?” என்று கேட்பதோடு நில்லாமல், குனிந்து பார்த்துக் கையால் தொட்டுப் பாருங்கள். அவர்களின் பாதம் உணராததை உங்கள் கை உணரும். இரண்டு நிமிடங்கள் செலவாகும் இந்த வழக்கத்தைப் பங்குனி முடியும்வரை கைவிடாதீர்கள்.